நிழற்படப் பணிக்கு எந்த இயங்குதளம்? – எங்கள் பள்ளி செய்த தேர்வு



நிழற்படக் கலையில் நாட்டமுள்ள ஆசிரியர்கள் நால்வர் கூடினால் பேச்சு படக்கருவியில் தொடங்கிப் படக்கருவியிலேயே முடியும். எந்தக் கருவி சிறந்தது, எந்த வில்லை கூர்மையானது என்று மணிக்கணக்கில் பேசுவோம். எடுத்த படம் எந்தக் கணினியில் போய்ச் சேரும், அங்கே எந்த இயங்குதளத்தின்மேல் எந்த மென்பொருள் அதனைத் திறக்கும், இருபது ஆண்டு கழித்தும் அது திறக்குமா என்று கேட்பவர் மிகக் குறைவு.

எங்கள் பள்ளியில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாத நிலை 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்டது. அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பயன்கொள்ளும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கையில் இருக்கும் செல்வம்

பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. பள்ளியின் நிழற்படப் பொறுப்பு 2004ஆம் ஆண்டு முதல் என்னிடம் இருந்து வருகிறது. அந்த ஆண்டில்தான் பள்ளிக்கு முதல் எண்மப் படக்கருவி வாங்கப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை சேர்ந்துள்ள படங்கள் ஏறத்தாழ 38,000. இவை தவிர, அலுவலக இரும்பு அலமாரியில் பழைய அச்சுப் படங்கள் 900க்கு மேல் உள்ளன. நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சை ஒருபுறம், கரையான் மறுபுறம் என்று அவை நாளுக்கு நாள் அழிந்து வருகின்றன.

தோட்டத்தில் வாழ்ந்த பல குடும்பங்களில் படக்கருவி என்ற ஒன்றே இருந்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளியில் எடுக்கும் வகுப்புப் படமே அப்பிள்ளைகளின் ஒரே படமாக இருந்திருக்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அதுவும் பல வீடுகளில் தொலைந்து போனது.

சில ஆண்டுகளுக்கு முன்பு முன்னாள் மாணவி ஒருவர் பள்ளிக்கு வந்தார். அவருடைய தாயார் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் வைப்பதற்கு அடையாள அட்டையில் உள்ள படத்தைத் தவிர வேறு படம் இல்லை. "அம்மா நம்ம பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலதானே வேலை செஞ்சாங்க ஐயா, ஏதாவது ஒரு படத்துல இருப்பாங்களா?" என்று கேட்டார். படங்களுக்குள் எழுதி வைத்திருந்த விளக்கக் குறிப்புகளில் 'சிற்றுண்டிச்சாலை' என்று தேடினேன். பத்து நிமிடத்திற்குள் 2009ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டி நாளில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் குடிநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அந்த அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் படம் அழியாமல் இருந்தது மட்டும் போதவில்லை. தேடியவுடன் கிடைத்ததால்தான் அது பயன்பட்டது. படம் இருந்தும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இருந்தும் இல்லாததற்குச் சமம். கணினியும் இயங்குதளமும் பற்றி நான் இனிச் சொல்வது அனைத்தும் இந்த ஒரு தேவையைச் சுற்றியதே.

ஏன் இப்போது?

விண்டோசு 10 இயங்குதளத்திற்கான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்டு 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தியது. தனியார் பயனர்கள் மேலும் ஓராண்டு பாதுகாப்புப் பெறுவதற்கு ஒரு வழி வைத்திருந்தாலும், அது தற்காலிக ஏற்பாடே. எங்கள் நிழற்படக் கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டது. விண்டோசு 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை, 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு முறையான மேம்பாட்டு வழி அடைபட்டுவிட்டது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்கென 3,000 ரிங்கிட் ஒதுக்கியது. அந்தப் பணம் உணவு விற்பனை நாளில் தாய்மார்கள் நாசி லெமாக்கும் வடையும் விற்றுச் சேர்த்தது. "எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்றார் தலைமையாசிரியை அம்மையார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? எனவே முதலில் கடைக்குப் போகாமல், நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

கேள்வி 1: மென்பொருள் மறைந்தால் படம் என்னாகும்?

நிழற்பட மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால் அவற்றின் ஆயுள் குறைவு என்பது விளங்கும். ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'அப்பெர்ச்சர்' தொழில்முறைக் கலைஞர்களால் விரும்பப்பட்டது. 2014இல் அதன் மேம்பாடு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. கூகுள் 2004இல் வாங்கிய 'பிகாசா' நம் ஆசிரியர்கள் பலரும் பயன்படுத்திய எளிய மென்பொருள். 2016இல் அதுவும் நிறுத்தப்பட்டது. அடோபியின் 'ஃபோட்டோஷாப்' 2013இல் சந்தா முறைக்கு மாறியது. 'லைட்ரூம்' மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வழி ஆறாம் பதிப்போடு முடிந்தது. சந்தா கட்டுவதை நிறுத்தினால் படத்தைத் திருத்தும் வசதியும் நின்றுவிடும்.

இவர்கள்மேல் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரு பள்ளி ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு நிலைப்பது. ஆகவே படம் எந்த ஒரு மென்பொருளையும் நம்பியிருக்கக்கூடாது என்பதை முதல் விதியாகக் கொண்டேன்.

கேள்வி 2: படத்தின் தரத்திற்கு இயங்குதளம் தடையாகுமா?

எங்கள் மண்டபம் தகரக் கூரையும் குழல் விளக்கும் கொண்டது. மேடையில் வெள்ளை வேட்டி அணிந்த பிள்ளைகள் நிற்பார்கள். வேட்டி சரியாக அமைந்தால் முகம் இருண்டுவிடும். முகம் தெளிந்தால் வேட்டி வெளுத்துப்போகும். இதனைச் சரிசெய்யத்தான் 'ரா' எனப்படும் மூலக் கோப்பு உதவுகிறது. வழக்கமான ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட்டு மூலக் கோப்பு 16,384 படிநிலைகளை வைத்திருக்கிறது. இருண்ட பகுதியை மேலே தூக்கினாலும் முகம் திட்டுத்திட்டாகப் பிரியாது.

மூலக் கோப்பைத் திறக்கும் திறமான மென்பொருள்கள் மூன்று இயங்குதளங்களிலும் உள்ளன. மேக்கில் நிறமேலாண்மை 1993 முதலே இயங்குதளத்தோடு பிணைந்து வருவதால், திரையில் காணும் நிறம் நம்பகமாக இருக்கும். விண்டோசிலும் லினக்சிலும் அதற்குச் சற்று முயற்சி வேண்டும்: திரையை அளவீட்டுக் கருவி கொண்டு ஒருமுறை சீர்செய்து, நிறக் குறிப்புக் கோப்பை ஏற்றிவிட வேண்டும். நம் பிள்ளைகளின் மாநிறத்தைத் திறன்பேசிகள் தாமாகவே வெளுக்கச் செய்யும் இக்காலத்தில், உள்ள நிறத்தை உள்ளபடி காட்டும் திரை பள்ளிக்குக் கட்டாயம் தேவை என்பது என் கருத்து.

கேள்வி 3: தமிழ் என்ன பாடுபடும்?

இந்தக் கேள்வியைப் பிறமொழி நூல்களில் காண முடியாது. நாம்தான் கேட்டாக வேண்டும். விண்டோசு 2000 தொட்டு ஒருங்குறித் தமிழ் இயங்குதளத்திற்குள் வந்துவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய 'இணைமதி' எழுத்துரு மேக் கணினிகளிலேயே இடம்பெற்றது நமக்குப் பெருமை. லினக்சிலும் தமிழ்99 விசைமுக அமைப்பு உள்ளது. எனினும், இரண்டு நுட்பச் சிக்கல்களை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, கோப்பின் பெயர். 'பொங்கல்' என்னும் சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்சு அவ்விரண்டையும் வழக்கமாக வெவ்வேறு பெயர்களாகக் கருதும். ஆதலால் ஒரே தோற்றம் கொண்ட இரண்டு 'பொங்கல்' கோப்புறைகள் அருகருகே உருவாக இடமுண்டு. இதனைத் தவிர்க்கக் கோப்புறைப் பெயர்களை எண்களால் மட்டும் அமைத்தோம்: ஆண்டு, மாதம், நாள். தமிழ் விளக்கம் படத்திற்குள் செல்லும்.

இரண்டாவது, அந்த விளக்கக் குறிப்பு. ஐ.பி.டி.சி. எனப்படும் பழைய குறிப்பு முறையில் ஒரு தேடுசொல்லுக்கு 64 பைட்டு மட்டுமே இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. 'பெற்றோர் ஆசிரியர் சங்கம்' என்று எழுதினால் 68 பைட்டு ஆகிவிடும். பெயரின் வால் அறுபடும். பின்னாளில் வந்த எக்ஸ்.எம்.பி. முறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2012இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஆகியிருக்கிறது. எனவே எக்ஸ்.எம்.பி. முறையில் எழுதும் மென்பொருளையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

கேள்வி 4: எனக்குப் பிறகு யார்?

எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. நான் ஒருவன் மட்டும் இயக்கத் தெரிந்த கணினி, நான் வாயிலைத் தாண்டும் நாளில் அநாதையாகிவிடும். நான்கு கேள்விகளில் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

மூன்று வழிகள்

*விண்டோசு 11:* எல்லாருக்கும் பழக்கமானது. அடோபி மென்பொருள்கள் அனைத்தும் ஓடும். பெரும்பாலான வருடிகளும் அச்சுப்பொறிகளும் இணையும். ஆனால் எங்களுக்குப் புதுக் கணினி வேண்டும். ஒதுக்கிய பணம் அதற்கே சரியாகிவிடும். காப்புப்படி வைக்க வன்தட்டு வாங்கக் காசு மிஞ்சாது.

*மேக்:* நிறத்திலும் திரையிலும் குறை சொல்ல முடியாது. 2020 முதல் வரும் ஆப்பிளின் சொந்தச் செயலிகள் மூலக் கோப்புகளை மிக விரைவாகக் கையாள்கின்றன. ஆனால் மலிவாகக் கிடைக்கும் பழைய இன்டெல் மேக்கை வாங்குவது அறிவுடைமை ஆகாது. 2025இல் வந்த 'டஹோ' பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. திருமணப் படம் எடுத்துத் தொழில் நடத்தும் நண்பர் கேட்டால், தயங்காமல் புதிய மேக்கைச் சொல்வேன். பள்ளியின் பணத்திற்கு அது எட்டவில்லை.

*லினக்சு:* பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்டுசு 1991இல் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லை. பழைய கணினியிலும் ஓடும். நம் அரசாங்கமே 2004இல் பொதுத்துறைக்கென ஒரு திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வகுத்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. குறை என்னவென்றால், ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் இதில் நேரடியாக ஓடா. சில வருடிகளுக்கு இயக்கி கிடைக்காது.

இம்மூன்றையும் எடைபோட்டபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. டிஜிகேம், டார்க்டேபிள், கிம்ப் ஆகிய மூன்று கட்டற்ற மென்பொருள்களும் லினக்சு, விண்டோசு, மேக் ஆகிய மூன்றிலும் ஓடுகின்றன. முதலாவது படங்களை அடுக்கவும் குறிப்பெழுதவும் தேடவும் உதவுவது. இரண்டாவது மூலக் கோப்பைப் பதப்படுத்துவது. 1995இல் தொடங்கிய கிம்ப், 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பை எட்டியது. ஆக, மென்பொருளை முதலில் முடிவு செய்துவிட்டால், இயங்குதளத்தை நாளை மாற்றிக்கொள்ளலாம். இயங்குதளத்தை முதலில் முடிவு செய்து அதற்கு மட்டுமே உரிய மென்பொருளில் சிக்கிக்கொண்டால், பிறகு மீள்வது கடினம்.

செய்தது என்ன?

லினக்சு மின்ட்டு 22ஐ ஒரு விரலியில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே அதிலிருந்து இயக்கிப் பார்த்தோம். திரை, ஒலி, இணையம், எங்கள் பழைய வருடி அனைத்தும் வேலை செய்தன. இப்படிச் சோதிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கணினியில் உள்ளது எதுவும் அழியாது. இந்தப் பதிப்பிற்கு 2029 வரை பாதுகாப்பு மேம்பாடு உண்டு.

எங்கள் கணினிப் பொறுப்பாசிரியர் இளைஞர், ஒளிவுமறைவின்றிப் பேசுபவர். "ஐயா, உங்களுக்கு இது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிறகு வருபவருக்கு விண்டோசு மட்டும்தான் தெரியும் என்றால்?" என்று கூட்டத்திலேயே கேட்டார். நியாயமான கேள்வி. வாதம் செய்வதை விடச் சோதித்துப் பார்ப்பது நன்று என்று முடிவு செய்தோம். அலுவலகத்தில் பணியாற்றும் மலாய்ச் சகோதரியையும் இரண்டு ஆசிரியைகளையும் ஒரு மாதம் அக்கணினியைப் பயன்படுத்தச் சொன்னோம். படக்கருவி அட்டையிலிருந்து படங்களை இறக்குவது, குறிப்பு எழுதுவது, கேட்ட படத்தைத் தேடி எடுப்பது ஆகிய மூன்றே பணிகள். நான் அருகில் போகவில்லை.

இரண்டாம் வாரத்திலேயே மூவரும் இம்மூன்றையும் தாமாகச் செய்தனர். மலாய்ச் சகோதரி குறிப்புகளை மலாயில் எழுதினார். ஆசிரியைகள் தமிழில் எழுதினர். இப்போது இரண்டு மொழியிலும் தேட முடிகிறது. இது நான் எண்ணிப் பார்க்காத நன்மை. டார்க்டேபிள் மட்டும் மூவருக்கும் பிடிபடவில்லை. ஆகவே மூலக் கோப்பைப் பதப்படுத்தும் பணியை இளைஞர் ஆசிரியர் என்னிடம் கற்றுக்கொள்கிறார். மற்றவர்க்கு ஜேபெக் போதும். பதப்படுத்தி முடித்த ஒவ்வொரு படத்திற்கும் ஒரு ஜேபெக் படியும் சேர்த்து வைக்கிறோம். டார்க்டேபிள் நாளை இல்லாவிட்டாலும் படம் இருக்கும்.

மிஞ்சிய பணம் எங்கே போயிற்று என்று பெற்றோர்கள் கேட்கலாம். கணினிக்குக் கூடுதல் நினைவகமும் திடநிலை வட்டும் வாங்கினோம். திரை அளவீட்டுக் கருவி ஒன்று. 2 டெராபைட்டுப் புறவன்தட்டு இரண்டு. ஒரு வன்தட்டு பள்ளியிலும் மற்றொன்று மேலாளர் வாரியத் தலைவர் வீட்டிலும் இருக்கின்றன, மாதந்தோறும் மாற்றிக்கொள்கிறோம். இரண்டும் 'எக்ஸ்ஃபேட்' முறையில் அமைந்தவை. மூன்று இயங்குதளங்களும் அதனைப் படிக்கும், எழுதும். நாளை வருபவர் எந்தக் கணினியில் செருகினாலும் படங்கள் திறக்கும். இளைஞர் கேட்ட கேள்விக்கு இந்த வன்தட்டுகள்தான் முழுமையான விடை.

பழைய அச்சுப் படங்களை 600 புள்ளி அடர்த்தியில் வருடுகிறோம். 6 அங்குலம், 4 அங்குலப் படம் ஒன்று 3,600க்கு 2,400 படப்புள்ளிகளாகும். சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 மெகாபைட்டு. ஆயிரம் படங்களுக்கு 26 கிகாபைட்டு என்பதால் இடம் ஒரு பொருட்டே அன்று.

எல்லாம் இன்பமயம் என்று சொல்லமாட்டேன். ஆண்டுமலர் அச்சிடும் அச்சகத்தார் தங்கள் வழக்கமான கோப்பு வடிவத்தில் கேட்டார்கள். படங்களை டிஃப் வடிவில் கொடுத்து, அச்சுக்குரிய நிறமாற்றத்தை அவர்களிடமே விட்டோம். மாதிரித் தாளைப் பார்த்து ஒப்புதல் அளிக்க ஒரு நாள் கூடுதலாக ஆயிற்று.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

இதற்காக வீட்டுக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. உள்ள கணினியில் டிஜிகேமை நிறுவி, பிள்ளையின் படங்களுக்குப் பெயரும் இடமும் எழுதத் தொடங்குங்கள். புலனத்தில் படத்தை அனுப்பும்போது அது சுருக்கப்பட்டுவிடும். தரம் வேண்டுமாயின் ஆவணமாக அனுப்புங்கள். 2017 முதல் ஐபோன் வழக்கமாகச் சேமிக்கும் 'ஹெய்க்' கோப்புகளுக்கு ஒரு ஜேபெக் படியும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் பகிரும் முன் படத்திற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள். பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைப் பிறர் அறிய வேண்டியதில்லை. இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

இப்போது 1974ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புப் படம் ஒன்று எங்கள் திரையில் இருக்கிறது. அதிலுள்ள 42 பிள்ளைகளில் 31 பேரின் பெயரைத் தோட்டத்து முதியவர்களிடம் கேட்டு எழுதிவிட்டோம். எஞ்சிய பதினொருவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். உங்கள் பள்ளியிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கும். வரும் பள்ளி விடுமுறையில் அதனைத் திறந்து, பெயர் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். எந்த இயங்குதளத்தில் எழுதுகிறீர்கள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.